தகுதிக் கோடும் ஊழும்

மாணவர் ரோபோ போட்டிகளில் அடுத்த கட்டத்துக்குப் போகும் அணிகளின் பட்டியல் ஓர் எண்ணில் முடிகிறது. அந்த எண்ணையும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் போகிறார்கள்; எடுக்காதவர்கள் ஊர் திரும்புகிறார்கள். கட்-ஆஃப் என்று எல்லோரும் சொல்லும் இந்தக் கோட்டை யாரும் முன்கூட்டி வரைந்து வைப்பதில்லை. எத்தனை இடம் என்பதை மட்டுமே அமைப்பாளர்கள் அறிவிக்கிறார்கள். கடைசி இடத்தைப் பிடித்த அணியின் புள்ளி எதுவோ அதுவே கோடு. ஆக அது பிறப்பது சீசன் முடிந்த பிறகு. ஆனால் சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பே, இந்த ஆண்டு கோடு எங்கே விழும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் ஏறக்குறையச் சரியாகவும் வருகிறது. இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய கூற்று இன்றே உண்மையாக இருக்க முடியுமா என்பது தத்துவத்தின் மிகப் பழைய வழக்குகளில் ஒன்று. நாளை கடற்போர் நடக்கும் என்ற வாக்கியத்தை வைத்து அரிஸ்டாட்டில் இதை ஆராய்ந்தார். இந்தியச் சமயங்கள் இதையே நியதி, ஊழ், வினை, முயற்சி என்ற பெயர்களில் விவாதித்தன. கட்-ஆஃப் அந்த வழக்கின் புதிய வாய்தா.

கோடு உருவாகும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும். டீன் கேமன் 1989-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992 முதல் பள்ளி மாணவர்களுக்கான ரோபாட்டிக்ஸ் போட்டியை நடத்திவருகிறது. 2009-இல் மிச்சிகனில் தொடங்கிப் பிறகு பல பகுதிகளிலும் மாவட்ட முறை வந்தது. ஓர் அணி தன் மாவட்டத்தில் ஆடும் முதல் இரண்டு போட்டிகளின் புள்ளிகள் கணக்கில் சேரும். தகுதிச் சுற்றில் பெற்ற இடத்துக்கு அதிகபட்சம் 22 புள்ளிகள்; கூட்டணித் தேர்வுக்கும், நாக்-அவுட் வெற்றிகளுக்கும், விருதுகளுக்கும் தனித்தனியே புள்ளிகள்; முதல் ஆண்டு அணிக்கு ஊக்கமாக 10. மாவட்டச் சாம்பியன்ஷிப்பில் பெறும் புள்ளிகள் மூன்று மடங்காகும். எல்லாவற்றையும் கூட்டி வரிசைப்படுத்தினால், உலகச் சாம்பியன்ஷிப்புக்கு அந்த மாவட்டத்துக்கு ஒதுக்கிய இடங்கள் தீரும் புள்ளியில் கோடு விழும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய விளையாட்டு ஒன்றை அறிவிக்கிறார்கள். ஓராண்டு பந்தை எறிய வேண்டும். இன்னோராண்டு கூம்புகளை அடுக்க வேண்டும். ஆட்டத்தில் எடுக்கும் மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு தலைகீழாக மாறும். ஆனால் மாவட்டப் புள்ளிகள் பெரும்பாலும் இடத்தையும் வெற்றியையும் பொறுத்தவை. மதிப்பெண்ணைப் பொறுத்தவை அல்ல. அதனால் சென்ற ஆண்டின் கோடு இந்த ஆண்டுக்கும் சாட்சி சொல்கிறது. விளையாட்டு எதுவென்றே தெரியாத டிசம்பரில்கூட, எத்தனை அணிகள், எத்தனை இடங்கள் என்று தெரிந்தால் கோட்டின் சுற்றுவட்டாரத்தைச் சொல்லிவிடலாம். எதிர்காலத்தின் பெரும்பகுதி விதிப்புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள்.

மீதிப் பகுதிக்கு அனுமானம் தேவை. ஓர் ஆட்டத்தில் பக்கத்துக்கு மூன்று ரோபோக்கள். பலகையில் தெரிவது மூன்றும் சேர்ந்து எடுத்த மதிப்பெண். அதில் ஒரு ரோபோவின் பங்கு எவ்வளவு என்பதைப் பலகை சொல்வதில்லை. பல ஆட்டங்களின் மொத்தங்களைச் சமன்பாடுகளாக எழுதி, மீச்சிறு வர்க்க முறையில் தீர்த்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு வலிமையைக் கணிக்கிறார்கள். பெருக்கெடுத்த ஆற்றைப் பார்த்து மலையில் மழை பெய்தது என்று அறிவதை நியாய மரபு ஒரு வகை அனுமானம் என்றும், திரண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்று அறிவதை வேறொரு வகை என்றும் பிரித்தது. கட்-ஆஃப் கணிப்பில் இரண்டும் உண்டு. மொத்தத்திலிருந்து வலிமைக்குப் பின்னோக்கிப் போய், வலிமையிலிருந்து வரப்போகும் ஆட்டங்களுக்கு முன்னோக்கி வருகிறார்கள். பிறகு அந்த சீசனைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஆடிப் பார்க்கிறார்கள். சூதாட்ட விடுதிக்குப் பேர்போன மான்டே கார்லோவின் பெயரையே தாங்கிய முறை இது. விடையாக வருவது ஒற்றை எண்ணாக இருக்காது; இத்தனை புள்ளி எடுத்த அணி பத்தில் ஒன்பது முறை தேறியது, இத்தனை எடுத்தது பாதி முறைதான் தேறியது என்ற வடிவில் இருக்கும். நேர்மையான கணிப்பு இந்த வடிவத்திலேயே நின்றுவிடும். ஒரே எண்ணைச் சொல்லும்படி நெருக்குபவர்கள் அதைக் கேட்பவர்கள்தான்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கோடு வேறு உருவங்களில் பழக்கம். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குப் போடும் கணக்கு, ஜூன் மாத வீடுகளில் ராசிபலனைவிட அதிகம் பேசப்படுகிறது. கேரளத்தில் ரோபோவே பாடத்துக்குள் வந்துவிட்டது. கேரள அரசின் கைட் நிறுவனம் 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் முகாம்கள் பள்ளி, உபமாவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படியேறுகின்றன. ஒவ்வொரு படியிலும் சிலர் மேலே போகிறார்கள், பலர் நின்றுவிடுகிறார்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியும் அப்படி ஓர் உபமாவட்டம். 2025 ஜூனில் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து மாநிலத்தின் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும், ஏறத்தாழ 4.3 லட்சம் பேருக்கு, ரோபாட்டிக்ஸ் கட்டாயப் பாடம். கட்-ஆஃப் பற்றிய தத்துவத்தை விவாதிக்க மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான இடம் அரிது. அதற்குக் காரணம் பள்ளிகள் மட்டும் அல்ல. வரப்போவதைக் கணிப்பதைத் தொழிலாகவும் வழிபாடாகவும் கொண்ட பல மரபுகள் அந்தச் சிறிய நிலத்துண்டில் அருகருகே வாழ்ந்திருக்கின்றன.

அவற்றில் மிகத் துல்லியமானது வானியல். கேரளத்தில் கி.பி. 683-ஐ ஒட்டி ஹரிதத்தர் வகுத்ததாகச் சொல்லப்படும் பரஹித முறை பல நூற்றாண்டுகள் பஞ்சாங்கத்தை ஆண்டது. கணக்கு சொன்ன நேரத்துக்கும் வானத்தில் கண்ட நேரத்துக்கும் இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. நிளா நதி கடலில் சேரும் இடத்துக்கு அருகே வாழ்ந்த பரமேசுவரர் ஐம்பதாண்டுகளுக்கு மேல் கிரகணங்களைக் கவனித்து, 1431-இல் திருக்கணித முறையைத் தந்தார். அவருடைய மகனிடம் பயின்ற நீலகண்ட சோமயாஜி, சோதிர்மீமாம்சை என்ற நூலில் ஒரு படி மேலே போனார்: சித்தாந்தங்கள் முன்னோர் அருளியவை என்பதற்காக மாறாதவை ஆகிவிடா, அவ்வப்போது கண்டு, பொய்த்தால் திருத்த வேண்டும் என்று வாதாடினார். கணிப்பை வேதவாக்காகக் கொள்ளாமல், பிழைபட்டால் திருத்தும் கடமை உடையதாகப் பார்த்த இந்த மனநிலை இன்றைய கட்-ஆஃப் கணிப்பாளருக்கும் மூதாதை.

ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பரமேசுவரர் கிரகணத்தை அறிவித்ததால் சந்திரன் வேகத்தைக் கூட்டவில்லை. கணிப்பு தவறினால் தவறு முழுவதும் கணக்கில்தான். கட்-ஆஃப் அப்படி இல்லை. கணிப்பைக் கேட்பவர்களே கோட்டை உருவாக்குகிறார்கள்.

இந்த இரண்டாம் வகை எதிர்காலத்துக்கும் மட்டாஞ்சேரியில் ஒரு கூடம் இருந்தது. யூதத் தெருவில் இயங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957 முதல் மிளகில் முன்பேர வணிகம் நடத்தியது. 1997-இல் பன்னாட்டு ஒப்பந்தமும் வந்தது. கணினி வரும்வரை தரகர்கள் ஒரே கூடத்தில் நின்று விலையைக் கூவினார்கள். சில மாதங்களுக்குப் பிறகு கைமாற வேண்டிய மிளகுக்கு இன்றே விலை. அந்த விலை ஒரு கணிப்பு. ஆனால் வெளியே நின்று சொன்ன கணிப்பு கிடையாது. வயநாட்டிலும் இடுக்கியிலும் இருந்த விவசாயி அதைக் கேட்டுச் சரக்கை விற்பதா வைப்பதா என்று முடிவெடுத்தார். விலை ஏறும் என்ற பேச்சு சரக்கைப் பூட்டிவைக்கச் செய்து சில நாட்களுக்கு விலையை ஏற்றும். பூட்டியது எல்லாம் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்தால் அதே பேச்சு விலையைக் கவிழ்க்கும். கணிப்பு தன்னையே நிறைவேற்றிக்கொள்வதும் தன்னையே தோற்கடித்துக்கொள்வதும் அங்கே அன்றாடம்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் இதற்குப் பெயர் சூட்டினார். கார்ல் பாப்பர் ஈடிபஸ் கதையை நினைவூட்டி எழுதினார்: குறி சொன்னதால்தான் தந்தை குழந்தையைக் கைவிட்டார், கைவிட்டதால்தான் குறி பலித்தது. கேட்பவர் நடத்தையை மாற்றிவிடும் என்றால், பகிரங்கமாகச் சொன்ன கணிப்பு சரியாக வருவதே முடியாதோ என்ற ஐயம் எழுந்தது. எமில் குரூன்பெர்க்கும் பிராங்கோ மோடிக்லியானியும் 1954-இல் இதற்கு எதிர்பாராத விடை தந்தார்கள். மக்கள் கணிப்புக்கு எதிர்வினை ஆற்றட்டும். எதிர்வினை திடீரென்று தாவாமல் சீராக மாறும் வகையாக இருந்தால், அறிவித்த பிறகும் பலிக்கும் எண் ஒன்றாவது இருந்தே தீரும். புரோவரின் நிலைப்புள்ளித் தேற்றம் அதற்கு உறுதி தருகிறது. அப்படிப்பட்ட எண்கள் ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம். இருந்தால், எது பலிக்கும் என்பதை எது அறிவிக்கப்பட்டது என்பதே முடிவு செய்யும். ஈடிபஸின் தந்தைக்குக் கணிதம் சொல்லும் ஆறுதல் இவ்வளவுதான்.

ரோபோ சீசனில் இந்த எதிர்வினை சிறியது. கோடு இத்தனை என்று கேட்ட அணி விருதுக்கான விண்ணப்பத்தைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு எழுதும், கூட்டணித் தேர்வில் துணிச்சல் காட்டும், அவ்வளவே. கலந்தாய்வில் அது பெரியது. ஒரு கல்லூரியின் சென்ற ஆண்டுக் கடைசி மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் மாணவர்கள் விருப்பப் பட்டியலை நிரப்புகிறார்கள். எல்லோரும் அதைப் பார்ப்பதால் அடுத்த ஆண்டின் கோடு அதைச் சுற்றியே விழுகிறது. நல்ல கல்லூரி என்ற பெயருக்கும் உயர்ந்த கட்-ஆஃபுக்கும் இடையே எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம்.

இனி சமயங்களின் வழக்குக்கு வரலாம். மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்பது வஞ்சி நகரில். அந்த வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற சர்ச்சை ஓயவில்லை. கொடுங்கல்லூர் என்றால் கொச்சியிலிருந்து சற்று வடக்கே. வஞ்சியில் அவள் கேட்டவர்களில் ஆசீவகர் ஒருவர். மற்கலி கோசாலரின் மரபு நியதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது. எறிந்த நூலுண்டை நூல் தீரும்வரை உருண்டு பிரிவதுபோல உயிர்கள் தமக்கு விதித்த பிறவிகளைக் கடந்தே தீரும் என்று அவர்கள் போதித்ததாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. எதிரிகள் எழுதியதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆசீவகக் கணிப்பாளர் ஒருவர் இருந்தால் அவருக்குக் கோட்டைக் கணிப்பதும் அணியைக் கணிப்பதும் ஒன்றே. இரண்டும் உண்டையில் ஏற்கெனவே சுற்றப்பட்டவை. கணினியில் ஆயிரம் முறை ஆடிப் பார்ப்பதற்கு அவரிடம் பொருளே இல்லை. நடக்கப்போவது ஒன்றுதான்.

சோதிட மரபு ஆசீவகத்தின் நேர்வாரிசு என்று நினைப்பது தவறு. 1649-இல் வட கேரளத்தில் இயற்றப்பட்ட பிரச்ன மார்க்கம் திடமான வினை, திடமற்ற வினை என்று பிரிக்கிறது. முதலாவது அனுபவித்தே தீர வேண்டியது. இரண்டாவது பரிகாரத்தால் மாறக்கூடியது. பிரச்னம் வைத்துப் பார்ப்பவர் பலனோடு பரிகாரத்தையும் சொல்லவே அமர்கிறார். மாற்ற வழி அறவே இல்லையென்றால் குறி கேட்க யாரும் வர மாட்டார்கள் என்பது தொழில் ரகசியம் போலத் தோன்றலாம். தத்துவமாகவும் அது சரியானதே. செயலோடு தொடர்பற்ற முன்னறிவு யாருக்கும் தேவைப்படுவதில்லை. வள்ளுவரும் இரண்டு பக்கத்தையும் விட்டுவைத்தார். அறத்துப்பாலின் கடைசி அதிகாரமான ஊழில் அதைவிட வலியது எதுவும் இல்லை என்கிறார். அறுபத்திரண்டாம் அதிகாரமான ஆள்வினையுடைமையில் தளராத முயற்சி ஊழையும் புறங்காட்டச் செய்யும் என்கிறார். உரையாசிரியர்கள் இந்த முரணைச் சமாதானப்படுத்தப் பெரிதும் உழைத்திருக்கிறார்கள். முரணை அப்படியே விட்டதில்தான் வள்ளுவரின் அனுபவம் தெரிகிறது என்று சொல்லவும் இடம் உண்டு.

மட்டாஞ்சேரியின் குஜராத்தி சாலையில் தர்மநாதர் ஜினாலயம் இருக்கிறது. மிளகு, முந்திரி வணிகத்துக்காக வந்து நிலைத்த சமணக் குடும்பங்களின் கோயில். சமண மரபில் சித்தசேன திவாகரரின் சன்மதி தர்க்கம் ஒரு நிகழ்ச்சிக்கு ஐந்து காரணங்களைச் சொல்கிறது: காலம், இயல்பு, நியதி, முன்செய்தது, முயற்சி. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது பொய்க்காட்சி, ஐந்தும் சேர்ந்ததே மெய்க்காட்சி என்பது அவர் முடிவு. கட்-ஆஃபை விளக்க இதைவிடக் கச்சிதமான சட்டகம் புள்ளியியல் நூல்களிலும் எளிதில் கிடைக்காது. ஆட்டங்கள் எந்த வாரம் நடக்கின்றன என்பது காலம். ரோபோவின் வலிமை இயல்பு. இடங்களின் எண்ணிக்கையும் புள்ளிச் சூத்திரமும் நியதி. முதல் போட்டியில் ஏற்கெனவே எடுத்த புள்ளிகள் முன்செய்தது. எஞ்சியது முயற்சி. ஆசீவகர் மூன்றாவதை மட்டும் பார்த்தார்; பயிற்சி வகுப்பு விளம்பரங்கள் ஐந்தாவதை மட்டும் காட்டுகின்றன.

முன்னறிவுக்கும் விருப்பத்துக்கும் உள்ள பிணக்கு மிகக் கூர்மையாக விவாதிக்கப்பட்டது யூத மரபில். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயம் 1568-இல் எழுந்தது. மிளகுக் கூடம் அதே தெருவில்தான். யூதருக்குச் சட்டத்தொகை எழுதி 1204-இல் மறைந்த மைமோனிடீஸின் தம்பி தாவீது வணிகத்துக்காக இந்தியப் பெருங்கடலில் போனபோது கப்பல் மூழ்கி இறந்தார். குடும்பத்தின் செல்வமும் பிறர் ஒப்படைத்த பணமும் அவரோடு போயின. தம்பியின் மரணத்தால் ஓராண்டு படுக்கையில் கிடந்த அந்த மனிதர் சோதிடத்தை ஏற்கவே இல்லை. தன் சட்டத்தொகையின் மனந்திரும்புதல் பற்றிய பகுதியில் அவர் கேள்வியை நேராக வைத்தார்: ஒருவன் நல்லவன் ஆவானா கெட்டவன் ஆவானா என்று இறைவனுக்கு முன்பே தெரியும் என்றால், அவன் வேறு விதமாக நடக்க முடியுமா? முடியும் என்றால் இறைவனின் அறிவு குறையுடையது. முடியாது என்றால் கட்டளைக்கும் தண்டனைக்கும் பொருள் இல்லை. அவர் தந்த விடை, இறைவனின் அறிவு மனித அறிவைப் போன்றதல்ல, அதை மனிதன் அளக்க முடியாது, ஆனால் மனிதன் சுதந்திரமானவன் என்பதில் ஐயமில்லை என்பது.

பிரான்சில் வாழ்ந்த ஆபிரகாம் பென் தாவீது இதைப் படித்துக் கடிந்துகொண்டார். விடை தெரியாத கேள்வியை எழுப்பிவிட்டு நம்பிக்கையிடம் தஞ்சம் புகுவது அறிஞருக்கு அழகல்ல என்றார். பிறகு தானே ஒரு விடை தந்தார்: இறைவனின் முன்னறிவு கட்டளை அல்ல, அது சோதிடர்களின் அறிவைப் போன்றது. வேறு ஒரு வலிமையிலிருந்து இவன் எப்படி நடப்பான் என்று அவர்கள் அறிகிறார்கள். அறிவதால் அவனை அப்படி நடக்கவைப்பதில்லை. கணிப்பு காரணம் ஆகாது என்ற இந்தப் பிரிவினை முக்கியமானது. ஒரு கணினி நிரல் ஓர் அணிக்கு நூற்றில் மூன்று வாய்ப்பு கொடுத்ததால் அந்த அணி தோற்பதில்லை. மிளகுக் கூடம் மட்டும் இதற்கு ஒரு திருத்தம் போடும்: பகிரங்கமாகச் சொல்லாத வரை.

இன்னும் துணிந்தவர் லெவி பென் கெர்சோன். 1288-இல் பிறந்து 1344-இல் இறந்த இவர் தத்துவவாதி மட்டுமல்லர், வானியலாளர். கோண அளவைக் கோலை வடிவமைத்தவர். 1345-இல் நேரவிருந்த கிரகச் சேர்க்கைக்குப் பலன் எழுதியவர். 1329-இல் முடித்த பெருநூலின் மூன்றாம் பகுதியில் அவர் சொன்னது பலரைத் திடுக்கிட வைத்தது. இறைவனுக்குத் தெரிந்தது நிகழ்ச்சிகளின் ஒழுங்கு; இந்தக் கிரக அமைப்பில் இப்படிப்பட்ட ஒருவனுக்கு இன்னது நேரக்கூடும் என்ற பொதுமை. ஆனால் இந்த ஒருவன் தன் விருப்பத்தால் அந்த ஒழுங்கை மீறி எதைத் தேர்ந்தெடுப்பான் என்பது இறைவனுக்கும் தெரியாது. ஏனென்றால் தெரிந்தால் அது தேர்வாக இராது. அறிய முடியாததை அறியாமலிருப்பது குறை அல்ல என்று வாதிட்டார்.

சமயவாதிகள் பலர் இதை இறைவனைச் சுருக்கிய கொள்கையாகப் பார்த்தார்கள். இறையியலில் அதன் தகுதி எப்படியிருந்தாலும், கட்-ஆஃப் கணிப்பாளர் எதை அறிகிறார், எதை அறிவதில்லை என்பதற்கு இதைவிடச் சரியான விவரணை கிடையாது. கோடு எங்கே விழும் என்று அவரால் சொல்ல முடிவது, எந்த ஒரு தனி அணியின் விருப்பமும் அதில் பெரிதாகக் கணக்கில் வராததால்தான். நூறு அணிகளின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. ஒரு ரோபோவின் கை உடைந்தால் அந்த அணி கீழே போகிறது, இன்னொன்று மேலே வருகிறது. கோடு அங்கேயே நிற்கிறது. இதே காரணத்தால், ஓர் அணி கோட்டுக்கு மேலா கீழா என்று சொல்வதில் அவர் அவ்வளவு வலுவானவர் இல்லை. பொதுவை நன்றாக அறியவைக்கும் அதே விஷயம் தனியை மறைக்கிறது.

நடைமுறையில் நேரும் பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் குழப்புவதால் வருபவை. கோட்டின் கணிப்பு வலுவாக இருக்கிறது என்பதைக் கேட்டு, தன் கதியின் கணிப்பும் வலுவாக இருப்பதாக மாணவர் எடுத்துக்கொள்கிறார். நூற்றில் முப்பது என்பது அந்த அணியின் நெற்றியில் எழுதிய எண் இல்லை. அதைப் போன்ற நூறு அணிகளைப் பற்றிய செய்தி. போன்ற என்பதை வரையறுப்பதும் கணிப்பாளர்தான். சென்ற ஆண்டின் புள்ளியை வைத்து ஒப்பிட்டால் முப்பது வரும். இந்த ஆண்டு சேர்ந்த புதிய வழிகாட்டியையும் கணக்கில் எடுத்தால் ஐம்பது வரலாம். இரண்டும் பொய் அல்ல. எந்தக் கூட்டத்தோடு ஒருவரைச் சேர்த்து எண்ணுவது என்ற கேள்விக்குக் கணிதத்தில் தனி விடை இல்லை என்பதை நிகழ்தகவுத் தத்துவம் நெடுநாளாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது.

கோட்டைக் கணிப்பது ஒரு கேள்வி என்றால் கோடு நியாயமா என்பது வேறு கேள்வி. கடைசியாகத் தேறிய அணிக்கும் முதலாவதாகத் தவறிய அணிக்கும் இடையே ஒரு புள்ளி இருக்கலாம். சில நேரம் சமநிலையை உடைக்கும் விதி மட்டுமே இருக்கலாம். தகுதிச் சுற்றில் யார் யாரோடு ஆடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கல் போலக் கணினி முடிவு செய்கிறது. பலவீனமான துணையோடு வலிமையான எதிரியைச் சந்தித்த அணி அந்த ஒரு புள்ளியை அங்கே இழந்திருக்கும். தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் எல்லா ஒப்பீடுகளும் சமமாகிவிட்டால் கடைசியில் சமவாய்ப்பு எண்தான் தீர்ப்பு. விண்ணப்பித்த எல்லோருக்கும் அந்த எண்ணை முன்பே கொடுத்துவிடுகிறார்கள்.

தகுதியையும் குலுக்கலையும் ஒளிக்காமல் பிரித்துவைத்த முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, வாரிய உறுப்பினருக்கு நிலம், வீடு, வயது, கல்வி ஆகியவற்றில் வரம்பு விதிக்கின்றன. 35 வயதுக்குக் குறைந்தவரும் 70-ஐக் கடந்தவரும் ஆகாது. வரம்பைக் கடந்தவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, எதுவும் அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். கோட்டுக்கு மேலே இருப்பவர்களிடையே யார் மேலானவர் என்று பாசாங்கு செய்யவில்லை. தரவரிசையை ஒரு தசமப் புள்ளி வரை நீட்டி அதற்குத் தகுதி என்று பெயரிடும் இன்றைய முறை, குடவோலையைவிட நுட்பமானதாகத் தோன்றினாலும் நேர்மையில் ஒரு படி குறைந்ததாகவே தெரிகிறது.

நியதி என்று மேலே சொன்னதும் மனிதர் கையில் இருப்பதே. மருத்துவ மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்ததால் 2023 செப்டம்பரில் நீட் முதுநிலைத் தேர்வின் தகுதி விழுக்காட்டு நிலை பூஜ்ஜியமாக்கப்பட்டது. கோடு தரையில் படுத்தது. இளநிலைத் தேர்வில் பொதுப்பிரிவுக்கு விழுக்காட்டு நிலை ஐம்பது என்பது மாறவில்லை. ஆனால் அதற்குரிய மதிப்பெண் 2023-இல் 137, 2024-இல் திருத்திய பட்டியலின்படி 162, 2025-இல் 144. ஒரு நியதி, மூன்று கோடுகள். கொச்சியில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் இன்னொரு வகையைக் கண்டது. மாநிலப் பொறியியல் தரவரிசைக்கு நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணுடன் பன்னிரண்டாம் வகுப்பின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைச் சமமாகச் சேர்த்துவந்தார்கள். அந்த ஆண்டு அதை 5:3:2 என்று மாற்றும் திருத்தம், தேர்வு முடிந்து மதிப்பெண்ணும் வந்த பிறகு, தரவரிசை வெளியாவதற்குச் சற்று முன்பு வந்தது. 9-ஆம் தேதி நீதிமன்றம் அந்தத் தரவரிசையை ரத்து செய்தது. மறுநாள் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பழைய சூத்திரத்தில் கணக்கிட்ட புதிய பட்டியலில் முதல் இடமே வேறொருவருக்குப் போனது. மாணவர்கள் எழுதிய விடைத்தாள்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

எல்லாம் முடிந்த பிறகும் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. உலகச் சாம்பியன்ஷிப்புக்குத் தேறிய அணிகளில் சில, பயணச் செலவைத் திரட்ட முடியாமலோ தேர்வுத் தேதிகள் குறுக்கிட்டோ இடத்தை வேண்டாம் என்கின்றன. அந்த இடம் வரிசையில் அடுத்த அணிக்குப் போகிறது. கோடு ஒரு படி இறங்குகிறது. கலந்தாய்வின் பிந்தைய சுற்றுகளில் நடப்பதும் இதுதான். எத்தனை பேர் மறுப்பார்கள் என்பதைக் கணிப்பாளர்கள் சென்ற ஆண்டுகளின் சராசரியை வைத்துக் கூட்டிச் சேர்க்கிறார்கள். எந்த அணி மறுக்கும் என்பதை அந்த அணியின் பெற்றோர் கூட்டம் முடியும்வரை யாராலும் சொல்ல முடிவதில்லை.